சார், ஒரு ஆட்டோகிராஃப்!

2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை இரவு. சேப்பாக்கத்தில் கொல்கத்தா அணியிடம் சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்றிருந்தது. சொந்த மைதானத்தில் அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டம் என்பதால், தோல்வியை ஓரம் வைத்துவிட்டு தோனியும் சகாக்களும் ரசிகர்களுக்கு நன்றி சொல்ல மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். வர்ணனைக்கு வந்திருந்த சுனில் கவாஸ்கர் விறுவிறுவென்று தோனியிடம் போனார். போட்டிருந்த சட்டையைக் காட்டி, இதில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அப்போது அவருக்கு வயது 73. தோனி போட்டுக் கொடுத்தார், கட்டிக்கொண்டார்.

எல்லோரும் அதை நெகிழ்ச்சியான காட்சியாகவே பார்த்தோம். கொஞ்சம் நடைமுறையாகவும் பார்க்கலாம். ஆட்டம் முடிந்துவிட்டது. தோனி அந்த நேரம் ரசிகர்களுக்காகவே நடந்துகொண்டிருந்தார். கவாஸ்கர் மார்க்கர் பேனாவை முன்கூட்டியே கடன் வாங்கித் தயாராக வைத்திருந்தார். எங்கே போட வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிட்டுத்தான் போனார். கேட்டது ஒன்றே ஒன்று, கிடைத்ததும் நகர்ந்துவிட்டார். டெஸ்ட்டில் 10,122 ரன் எடுத்த மனிதருக்கே இவ்வளவு முன்னேற்பாடு தேவைப்பட்டது. நாமோ பேனா இல்லாமல் போய், வீரரிடமே பேனா கேட்கிறோம்.

மைதானம், வலைப்பயிற்சி, ஓட்டல் வரவேற்பறை, டீம் பஸ் எல்லாமே விளையாட்டு வீரருக்கு வேலையிடம். பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்போது பேசலாம், எப்போது பேசக் கூடாது என்று நமக்குத் தெரிகிறது. வீரரிடம் மட்டும் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. கேட்பவர் அறிய வேண்டியது கொஞ்சம்தான். போடுகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியது அதைவிட அதிகம். இருவருக்கும் நடுவில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இதில் பெரிய பாடம் இருக்கிறது. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எப்போது, எங்கே

பயிற்சிக்குப் போகும் வீரரிடம் கேட்காதீர்கள், பயிற்சி முடிந்து வரும் வீரரிடம் கேளுங்கள். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. வலைப்பயிற்சிக்குப் போகிறவர் மனதில் அன்றைக்குச் சரிசெய்ய வேண்டிய ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். முடித்துவிட்டு கால்காப்பைக் கழற்றிக்கொண்டு பஸ்ஸை நோக்கி வருகிறவருக்கு இரண்டு நிமிடம் இருக்கும். ஆட்ட நாளில் டாஸுக்குப் பிறகு எதுவும் கேட்கக் கூடாது. எல்லைக்கோட்டில் பந்து தடுக்க நிற்பவர் நமக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும் அவர் வேலையில் இருக்கிறார். கையசைத்தால் போதும்.

சதுரங்கத்தில் இது இன்னும் கறார். சுற்று தொடங்கும் முன் வீரரை மறிப்பது அவர் தயாரிப்பையே கலைக்கும். ஆட்டம் முடிந்து வெளியே வந்தாலும் உடனே பாயக் கூடாது. பேட்டி இருக்கும், சில போட்டிகளில் மோசடித் தடுப்புப் பரிசோதனை இருக்கும். அதெல்லாம் முடிந்து, பெற்றோரோ பயிற்சியாளரோ பக்கத்தில் வந்து நின்ற பிறகு கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இந்த ஆட்டத்தில் பெரிய பெயர் எடுத்தவர்களில் பலர் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சில போட்டிகள் இந்தத் தொல்லைக்கே இடம் வைக்காமல் எல்லை கட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஆடுகளத்துக்குள் கையெழுத்து கேட்கவே முடியாது. அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் கேட்கலாம். செல்போனும் உள்ளே போகாது. நம் ஊரில் வேலியைத் தாண்டிக் குதிப்பதை வீரத்தில் சேர்க்கிறோம். 2024 மே மாதம் அகமதாபாத்தில் ஆட்டத்தின் நடுவே ஓடி வந்து தோனியின் காலைத் தொட்ட இளைஞர், அங்கிருந்து நேராகப் போலீஸிடம் போனார். தோனி சிரித்துக்கொண்டே தோளில் கை போட்டுப் பேசினார் என்பது உண்மைதான். அது தோனியின் பெருந்தன்மை. அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மைதானத்துக்கு வெளியே பார்த்தால்? சாப்பிடும்போது வேண்டவே வேண்டாம். வெள்ளைக்காரர் ஊரில் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாம். நம் ஊரில் வலது கை முழுக்க சாம்பார் இருக்கும். கை கழுவிவிட்டு வரும்வரை பொறுங்கள், கை கழுவும் இடத்திலேயே மறிக்காதீர்கள். கோயில் சன்னிதி, ஆஸ்பத்திரி, துக்க வீடு, விமானத்தில் ஏறும் வரிசை இவையெல்லாம் கூடாத இடங்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருப்பவரை விட்டுவிடுங்கள்.

என்ன சொல்லிக் கேட்பது? திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் டிஎன்பிஎல் ஆட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சின்ன மைதானம், வீரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நடப்பார்கள். “வணக்கம்ணா. வேடசந்தூர்லேர்ந்து வர்றேன். நானும் லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்தான் போடுறேன். இந்த பேட்ல ஒரு கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?” அவ்வளவுதான். ஊர் பெயர் வந்துவிட்டது, ஒரு காரணம் வந்துவிட்டது, வேண்டியது என்ன என்பதும் வந்துவிட்டது. “உங்க பெரிய ஃபேன்” என்பதை ஒரு நாளில் நூறு முறை கேட்கிறவருக்கு, லெஃப்ட் ஆர்ம் ஸ்பின் என்ற வார்த்தை நிமிர்ந்து பார்க்க வைக்கும்.

விளிப்பதிலும் பக்குவம் வேண்டும். தமிழ் பேசும் வீரர் என்றால் அண்ணா, அக்கா போதும். வயதில் சிறியவராக இருந்தால் “தம்பி” என்று கூப்பிடலாம், ஆனால் “வாங்க, போங்க” விடக் கூடாது. டிவியில் தினமும் பார்ப்பதால் வரும் உரிமையில் “டேய், இங்க பாருடா” என்று கேலரியிலிருந்து கத்துகிறவர்களை எந்த வீரரும் திரும்பிப் பார்த்ததில்லை. பெயரைச் சரியாகத் தெரிந்துகொண்டு போங்கள். தம்பியைப் பார்த்து அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது சகோதரர்கள் விளையாடும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் அவமானம். “போன மேட்ச்ல அந்த ஷாட் ஏன் சார் ஆடினீங்க?” என்ற கேள்விக்குப் பயிற்சியாளர் சம்பளம் வாங்குகிறார். நமக்கு வேண்டாம்.

பேனா, மட்டை, பந்து

மார்க்கர் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, மையே வராமல் இரண்டு முறை உதறி, அதற்குள் வீரர் நான்கு பேரைத் தாண்டிப் போய்விட, அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் பையனை எந்த மைதான வாசலிலும் பார்க்கலாம். வீட்டிலேயே எழுதிப் பாருங்கள். இரண்டு பேனா கொண்டுபோங்கள். மூடியைத் திறந்து, பிடிக்கும் பக்கம் வீரர் கைக்கு வரும்படி நீட்டுங்கள். அப்பா பரிசளித்த விலையுயர்ந்த பேனா என்றால் வீட்டில் இருக்கட்டும். கூட்டத்தில் பேனா கைமாறிக் காணாமல் போனால் வீரரைக் குற்றம் சொல்ல முடியாது.

புது மட்டையின் முகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். அதன் மேல் வாங்கினால் ஒருநாள் உறை உரிந்துவர, கையெழுத்தும் கூடவே போகும். மரத்தின் மேல் நேரடியாக வாங்குங்கள். ஜெர்சியில் வாங்குவதானால் உள்ளே ஒரு அட்டையை வைத்து இழுத்துப் பிடியுங்கள், துணி சுருங்கினால் எழுத்து கோணும். கறுப்பு, கருநீலத் துணிக்கு வெள்ளி நிற மார்க்கர் வேண்டும். பளபளப்பான போட்டோவில் மை காய அரை நிமிடம் ஆகும். வாங்கிய சந்தோஷத்தில் விரலை வைத்தால் தடம்தான் மிஞ்சும். பேஸ்பால் சேகரிப்பவர்கள் பந்தில் வாங்க மார்க்கரைத் தொடவே மாட்டார்கள். மை தோலில் ஊறிப் பரவிவிடும் என்பதால் நீல நிற பால்பாயின்ட் பேனாதான்.

கொடுக்கக் கூடாதவை சில உண்டு. முதலாவது தேசியக் கொடி. 2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் உலக சாம்பியன் ஆன நீரஜ் சோப்ராவிடம், ஹங்கேரிப் பெண் ஒருவர் இந்தியக் கொடியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அதில் போட முடியாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் அணிந்திருந்த சட்டையில் போட்டுக் கொடுத்தார் நீரஜ். கொடியில் எழுதுவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவமதிப்பாகவே சொல்கிறது. வெளிநாட்டு ரசிகைக்கு அது தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரூபாய் நோட்டும் வேண்டாம், அதில் எழுதாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது. உடம்பில் போடச் சொல்வது இரண்டு பேருக்குமே சங்கடம்.

ஒருவருக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். “தங்கச்சிக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு” என்று ஆரம்பித்தால் பின்னால் நிற்கும் பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. கையெழுத்து, செல்ஃபி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செல்ஃபிக்குத்தான் நேரம் அதிகம் ஆகும்: போனைத் திறக்க வேண்டும், கேமராவைத் திருப்ப வேண்டும், கண் மூடிவிட்டதென்று இன்னொன்று எடுக்க வேண்டும். தோளில் கை போடுவதானால் கேட்டுவிட்டுப் போடுங்கள். வீராங்கனை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, கை உங்களிடமே இருக்கட்டும்.

உங்கள் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்வது நல்ல பழக்கம். பெயர் எழுதிய பொருளுக்குச் சந்தையில் விலை குறைவு. அதனால் நீங்கள் விற்பதற்காக வாங்கவில்லை என்று வீரருக்குப் புரிந்துவிடும். வியாபாரம் செய்வது குற்றமில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளைக் கூட்டத்தின் முன்னால் தள்ளி, அவர்கள் கையில் ஆளுக்கொரு பந்தைக் கொடுத்து, பிறகு மூலையில் நின்று சேகரித்துக்கொள்ளும் ஆட்களை எந்த விளையாட்டிலும் வீரர்கள் அடையாளம் கண்டுவிடுகிறார்கள். அதற்கான தண்டனை, உண்மையாக ஆசைப்பட்டு வந்த அடுத்த பிள்ளைக்குக் கிடைக்கிறது.

பெரியவர்கள் ஒதுங்கி நிற்கப் பழக வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க ஓபன் டென்னிஸில் போலந்து வீரர் கமில் மைச்சாக் ஒரு சிறுவனுக்குத் தொப்பியை நீட்ட, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. மைச்சாக் அந்தச் சிறுவனைத் தேடிப் பிடித்து வேறு தொப்பி கொடுத்தார்.

முடியாது என்றால் முடியாதுதான். கூடைப்பந்து மேதை பில் ரஸல் ஆடிய காலத்தில் ஆட்டோகிராஃப் போடுவதில்லை என்று உறுதியாக இருந்தார், கை குலுக்குவார். அவரைத் திமிர் பிடித்தவர் என்றவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், காகிதத்தில் கிறுக்கிவிட்டு முகம் பார்க்காமல் போகிறவரைவிட, கை குலுக்கி இரண்டு வார்த்தை பேசுகிறவர் அதிகமாகவே கொடுத்துவிட்டுப் போகிறார்.

போடுகிறவர் பக்கம்

இனி, மாவட்ட அணியிலிருந்து மாநில அணிக்கு வந்து, முதல் முறையாக யாரோ ஒரு பையன் நோட்டை நீட்டும் நிலைக்கு வந்திருக்கும் இளம் வீரர்களுக்கு.

முதல் வேலை, பேங்க் கையெழுத்தையும் ஆட்டோகிராஃபையும் பிரித்துவிடுங்கள். காசோலையிலும் ஒப்பந்தத்திலும் போடும் அதே கையெழுத்தை ஊர் முழுக்க விநியோகம் செய்வது ஆபத்து. ஆட்டோகிராஃபுக்கென்று வேறொன்றை உருவாக்குங்கள். வெற்றுத் தாளின் அடியில் போடாதீர்கள். தாள் வெறுமையாக இருந்தால் நடுவில், பெரிதாக, “வாழ்த்துகள்” என்று எழுதி அதன் கீழே போடுங்கள். மடித்து நீட்டும் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது, படிக்கும்படி போடுங்கள். பேஸ்பாலில் மினசோட்டா ட்வின்ஸ் அணியின் பழைய நட்சத்திரம் ஹார்மன் கில்லப்ரூ, 573 ஹோம் ரன் அடித்தவர். அதே அணிக்கு வந்த இளம் வீரர் டோரி ஹன்டர் கிறுக்கலாகக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக் கடிந்துகொண்டார். இந்தப் பந்தைக் கண்டெடுக்கும் பிள்ளைக்கு நீ யாரென்று தெரிய வேண்டாமா என்பது அவர் கேள்வியின் சாரம். ஹன்டர் அன்றோடு மாற்றிக்கொண்டார், தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். கோல்ஃபில் ஆர்னல்ட் பால்மர் இதே விஷயத்தில் பிடிவாதக்காரர். ஒரு எழுத்தும் ஒரு கோடும் போட்டுவிட்டு ஸ்டைல் என்று சொல்லும் நம் பையன்கள் இதைக் கேட்க வேண்டும். ஜெர்சி எண்ணையும் சேர்த்து எழுதினால் பத்து வருடம் கழித்தும் குழப்பம் வராது.

நேரத்தை நீங்களே அறிவியுங்கள். “பஸ் வர்ற வரைக்கும் போடுறேன், தள்ளாதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டால், முடிந்ததும் போவது அவமதிப்பாகத் தெரியாது. நின்ற இடத்தில் நிற்காதீர்கள், கூட்டம் உங்கள் மேல் குவியும். வேலியோரமாக நகர்ந்துகொண்டே போடுங்கள், வரிசை தானாக நீளும். சின்னப் பிள்ளைகளையும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் முதலில் பாருங்கள். “அப்புறம் வரேன்” என்று சொன்னால் வர வேண்டும். வர முடியாதென்றால் “இன்னிக்கு முடியாதுங்க, மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிடுங்கள். அதற்காக யாரும் உங்களை வெறுக்கப் போவதில்லை. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாராததுபோலப் போவதைத்தான் ரசிகர்கள் மறப்பதில்லை.

கோபம் வரும் நாள்கள் உண்டு. 2022 ஏப்ரலில் எவர்ட்டன் மைதானத்தில் தோற்றுவிட்டுப் போகும்போது, கிறிஸ்டியானோ ரொனால்டோ ஒரு சிறுவன் கையிலிருந்த போனைத் தட்டிவிட்டார். போலீஸ் எச்சரிக்கை, இரண்டு ஆட்டத் தடை, 50,000 பவுண்ட் அபராதம். ரொனால்டோவுக்கு அந்தப் பணம் பெரிதல்ல. உங்களுக்கு முதல் ஒப்பந்தமே போய்விடலாம். தோற்ற நாளில் தலையைக் குனிந்துகொண்டு நேராக பஸ்ஸில் ஏறுவது தவறே இல்லை. அந்த நிலையில் நின்று போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது பெரிய ஆபத்துக்கு வருவோம். சூதாட்டத் தரகர் யாரும் கொம்பு முளைத்து வருவதில்லை, ரசிகராகத்தான் வருகிறார். முதலில் ஆட்டோகிராஃப், பிறகு போன் நம்பர், பிறகு நல்ல ஓட்டலில் சாப்பாடு, பிறகு அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை. கடைசியில் “நாளைக்கு பிட்ச் எப்படி இருக்கும்?” என்று ஒரு சாதாரணக் கேள்வி. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் விதிப்படி, 750 அமெரிக்க டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள பரிசை ஊழல் தடுப்புப் பிரிவிடம் தெரிவிக்காவிட்டால் அதுவே குற்றமாகலாம். அணுகினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டாலும் குற்றம்தான். வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசன் யாரிடமும் பணம் வாங்கவில்லை, எந்த ஆட்டத்தையும் விற்கவில்லை. தன்னை அணுகியதைச் சொல்லவில்லை என்பதற்காக 2019 அக்டோபரில் இரண்டாண்டுத் தடை பெற்றார், அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. உங்கள் சொந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள். மேலாளர் நம்பரோ சங்கத்தின் நம்பரோ கொடுங்கள். மேலாளர் இல்லாத வயதில் அப்பாவின் நம்பர் போதும்.

ரசிகர் அன்போடு கொடுக்கும் அல்வாவையும் ஜூஸையும் வாங்கலாம், நன்றி சொல்லலாம், வாயில் வைக்கக் கூடாது. ஊக்கமருந்து விதிகளின்படி, உடம்புக்குள் எது போனாலும் அதற்கு வீரரே பொறுப்பு. “யாரோ கொடுத்தாங்க” என்பது விசாரணையில் எளிதில் எடுபடாது. தின்பண்டம் கொண்டுபோகும் ரசிகர்களே, வீரர் அதைச் சாப்பிடாமல் வைத்தால் வருத்தப்படாதீர்கள்.

ஸ்பான்சர் ஒப்பந்தத்தைப் படியுங்கள். போட்டி நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருக்கும் மட்டையைப் பிடித்தபடி படம் எடுப்பது, மொத்தமாக இருநூறு பந்தில் போட்டுக் கொடுத்துப் பணம் வாங்குவது இவையெல்லாம் ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு வரியில் தடுக்கப்பட்டிருக்கலாம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் டாட் கர்லி ஆட்டோகிராஃபுக்குப் பணம் வாங்கினார் என்று 2014இல் நான்கு ஆட்டம் உட்கார வைக்கப்பட்டார். 2021இல் அந்த விதி தளர்ந்து, கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரால் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. அந்த நான்கு ஆட்டத்தை அவருக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

உங்களுக்குப் பதிலாக இன்னொருவரைப் போட விடாதீர்கள். பேஸ்பாலில் உடைமாற்றும் அறை உதவியாளர்களே நட்சத்திரங்களின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்த காலம் இருந்தது. அந்தப் பந்துகள் இன்றும் ஏலத்தில் தலைவலியாக வருகின்றன. போலிகள் பெருகி, 1990களில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்று தனி விசாரணையே நடத்த வேண்டிவந்தது. மேஜர் லீக் பேஸ்பால் 2001இல் ஹாலோகிராம் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. சாட்சி ஒருவர் கண்ணால் பார்த்த கையெழுத்துக்குத்தான் அந்த முத்திரை கிடைக்கும்.

இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால், 1995இன் பேஸ்பால் வீரர் கால் ரிப்கனை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே ரத்தாகி, அமெரிக்க ரசிகர்கள் பேஸ்பால் மேல் வெறுப்பில் இருந்தார்கள். ரிப்கன் ஆட்டம் முடிந்த பிறகும் மைதானத்திலேயே நின்று நெடுநேரம் கையெழுத்துப் போட்டார். டான் பிராட்மன் ஓய்வுபெற்றுப் பல பத்தாண்டுகள் கழித்தும் அடிலெய்டு வீட்டிலிருந்து ரசிகர்களின் கடிதங்களுக்குக் கையெழுத்திட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். இருவருமே அதை வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள்.

பக்கத்திலேயே வேலை பார்ப்பவர்கள்

ஓட்டல் ஊழியர், விமானப் பணியாளர், மைதானப் பராமரிப்பாளர், தன்னார்வலர், பிசியோவிடம் பயிற்சி பெறுபவர், வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளர், பத்திரிகையாளர், பந்தோபஸ்து போலீஸ்காரர். இவர்களுக்கு விதி ஒன்றுதான்: கேட்காதீர்கள். ரசிகர் ஒருவரால் வீரரின் அறைக்கதவைத் தட்ட முடியாது. உங்களால் முடியும், சம்பளம் வாங்கிக்கொண்டு முடியும். அந்த வாய்ப்பை உங்கள் ஆசைக்குப் பயன்படுத்தினால் வேலையே போகும்.

2022 அக்டோபர் கடைசியில், உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தங்கியிருந்த விராட் கோலியின் ஓட்டல் அறைக்குள் அவர் இல்லாதபோது யாரோ வீடியோ எடுத்து இணையத்தில் விட்டார்கள். அவருடைய காலணிகள் உட்பட சொந்தப் பொருள்கள் எல்லாம் அதில் தெரிந்தன. என் அறையில்கூட எனக்குத் தனிமை இல்லையென்றால் வேறெங்கே எதிர்பார்ப்பது என்ற பொருளில் கோலி வருந்தி எழுதினார். ஓட்டல் மன்னிப்புக் கேட்டது, சம்பந்தப்பட்டவர்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். எடுத்தவர் தன்னைப் பெரிய ரசிகர் என்றே நினைத்திருப்பார்.

பத்திரிகைக்காரர்களுக்கு அமெரிக்காவில் இது எழுதப்பட்ட விதி. அணிகள் கொடுக்கும் அனுமதி அட்டையின் நிபந்தனையிலேயே ஆட்டோகிராஃப் கேட்கக் கூடாது என்று இருக்கும், மீறினால் அட்டை பறிபோகும். நாளைக்கு அவர் ஆட்டத்தை விமர்சித்து எழுத வேண்டியவர் இன்றைக்கு நோட்டை நீட்டிக்கொண்டு நின்றால், இரண்டில் ஒன்று கெடும். கவாஸ்கர் கேட்டாரே என்பீர்கள். கவாஸ்கராக இருந்தால் நீங்களும் கேளுங்கள்.

ஐபிஎல் அணிகளுக்கு வலைப்பயிற்சியில் பந்துவீசப் போகும் பையன்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் நாளே பேட்டை நீட்டினால் நீங்கள் ரசிகர் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். நல்ல லெங்த்தில் பந்து போடுங்கள். இடைவேளையில் ஆட்டோகிராஃபுக்குப் பதிலாக ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணா, என் கை எங்க விழுது?” அந்தப் பதில் உங்கள் ஆட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். முகாம் முடியும் கடைசி நாளில், அணி மேலாளரிடம் கேட்டுவிட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

போலீஸ்காரர்களின் பாடு பரிதாபம். வேலியோரம் நிற்பவர் ஆட்டத்துக்கு முதுகு காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் சிக்ஸர் போனாலும் திரும்பக் கூடாது. அந்தப் பொறுமைக்காகவே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தாவது போட்டுக் கொடுக்க அணிகள் ஏற்பாடு செய்யலாம்.

இந்தக் கூட்டத்தில் மிக மோசமானவர்கள் கீழே வேலை பார்ப்பவர்கள் அல்ல, மேலே இருப்பவர்கள். 2025 டிசம்பர் 13ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு மெஸ்ஸி வந்தபோது, பிரமுகர்களும் அதிகாரிகளும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அவர் கண்ணிலேயே படவில்லை. அவர் சீக்கிரம் கிளம்பிவிட, ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். நம் கல்லூரி விளையாட்டு விழாக்களில் நாற்காலி பறக்காது, மற்றபடி கதை அதுதான். தலைமை விருந்தினராக வந்த வீரரோடு தாளாளர் குடும்பம் படம் எடுக்கும், பிறகு முதல்வர் குடும்பம், பிறகு துறைத் தலைவர்கள். பதக்கம் வாங்கிய பிள்ளைகள் கடைசியில், வீரருக்கு ரயிலுக்கு நேரமான பிறகு.

விழா நடத்துபவர்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். எத்தனை கையெழுத்து, எத்தனை நிமிடம், எப்போது முடியும் என்று வீரரிடம் முன்பே பேசுங்கள். மேசை, நாற்காலி, குடிதண்ணீர், நான்கு மார்க்கர், வரிசைக்குக் கயிறு வேண்டும். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி. வரிசையில் கடைசி ஆள் யாரென்று ஒருவர் நின்று சொல்ல வேண்டும், அவருக்குப் பின்னால் வருகிறவரை ஏமாற்றக் கூடாது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் ஐபிஎல் கோப்பை வென்ற அணியைப் பார்க்க வந்த கூட்டத்தில் 11 பேர் நசுங்கி இறந்தார்கள். வாசலையும் வரிசையையும் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அகாடமி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கவர் டிரைவும் யார்க்கரும் சொல்லிக் கொடுக்கும் நீங்கள், அடுத்த கோடை முகாமில் இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஒருவரைக் கேட்கவும் இன்னொருவரைப் போடவும் சொல்லுங்கள். பிறகு மாற்றி நிறுத்துங்கள். எல்லோரையும் அவரவர் பெயரைப் படிக்கும்படி எழுத வையுங்கள்.